பானெட்டுக்கு முன்னால் ஒரு கேமரா

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் பலர் இன்று முதலில் எடுப்பது செல்போனை. "காலைல ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் கடகடன்னு சத்தம்" என்று பேசுகிற மாதிரியே தட்டினால் போதும். கையில் கிரீஸோடு ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கும் வீடியோ வந்துவிடும். ஷெட்டில் இருபது முப்பது வருடம் கழித்தவர்கள் தாங்கள் அன்றாடம் பார்க்கும் பழுதுகளைப் படம்பிடித்துப் போடுகிறார்கள். மேஸ்திரியிடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, திட்டு வாங்கி, வருடக்கணக்கில் கூடவே நின்று கற்ற தொழில் அறிவு, இப்போது காசு கேட்காமல் யாருக்கும் கிடைக்கிறது.

இதைப் பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. "வெளி மெக்கானிக் சொல்றதைக் கேட்டா வாரண்டியும் போகும், வண்டியும் போகும்" என்பது ஒரு கட்சி. "கம்பெனி சர்வீஸ்ல பார்ட்ஸ் மாத்தத்தான் தெரியும், வண்டி தெரிஞ்சவன் ஷெட்லதான் இருக்கான்" என்பது மற்றது. இரண்டுமே ஆளைப் பார்த்து முடிவு செய்கின்றன. சொல்லப்படும் விஷயம் எந்த வகையைச் சேர்ந்தது, அதை அவர் எப்படித் தெரிந்துகொண்டார், அது தப்பாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்காமல் இந்தப் பகிர்வை எடைபோட முடியாது.

முதலில் அதன் பலம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருக்கள் மறுபடி நிரம்பியபோதும் ஆயிரக்கணக்கான கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, சாவியைத் திருப்பிப் பார்ப்பது. அந்த ஒரு திருப்பில் இன்ஜின் போய்விடலாம். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. அதில் மோதி கனெக்டிங் ராடு வளையும். சில சமயம் உடைந்து பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். காப்பீடு எடுத்தவர்களுக்கும் இதில் ஆறுதல் குறைவு. வெள்ளத்தில் நின்ற காரை நாமே ஸ்டார்ட் செய்து இன்ஜின் போனால், அதற்கென்று தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திருந்தால் தவிர, சாதாரண பாலிசியில் பெரும்பாலும் பணம் வராது. "சாவியைத் தொடாதீங்க. பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழட்டுங்க. வண்டியை ஏத்திக்கிட்டு வாங்க. ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே ஈரம் இருக்கான்னு பாருங்க. பிளக்கைக் கழட்டிட்டுக் கையால இன்ஜினைச் சுத்திப் பாருங்க." நனைந்த காரை முன்னால் நிறுத்திக்கொண்டு ஒரு மெக்கானிக் இதை வரிசையாகச் சொல்லும்போது, காரோடு வரும் கையேட்டின் எச்சரிக்கைப் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வரி செய்ய முடியாத வேலையை அது செய்கிறது. பார்த்தவர் சாவியிலிருந்து கையை எடுக்கிறார்.

அன்றாடப் பராமரிப்பிலும் இதே பலம் உண்டு. கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. உப்புத் தண்ணீர் அலுமினிய ஹெட்டை அரிக்கும், ரேடியேட்டரின் சன்னமான குழாய்களில் படியும், தெர்மோஸ்டாட்டை இறுக்கிவிடும். கழற்றிய வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போய் மொட்டையாக நிற்பதை ஒரு மெக்கானிக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டும்போது, அதற்கு மேல் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கையேட்டைவிடச் சீக்கிரம் ஆயில் மாற்றச் சொல்கிறார், ஏர் ஃபில்டரைச் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறார் என்று இவர்கள் மேல் ஒரு புகார் உண்டு. கையேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினால் "கடினமான பயன்பாடு" என்று இன்னொரு அட்டவணை இருக்கும்: தூசி, குறைந்த தூர ஓட்டம், நின்று நின்று போகும் நெரிசல், அதிக வெப்பம். தமிழ்நாட்டு நகரங்களில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த அட்டவணையில்தான் விழும். கையேட்டை மீறுவதாக நாம் நினைக்கும் மெக்கானிக் பல நேரம் அதே கையேட்டின் இரண்டாவது அட்டவணையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் விவகாரம் இன்னும் ஒரு படி மேலே. சில கார் கம்பெனிகள் இந்த ஆயிலைக் காரின் ஆயுள் முழுவதும் மாற்றத் தேவையில்லாத ஒன்றாக அறிவித்தன. மெக்கானிக்குகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. கருத்துப்போய், கருகிய வாடை அடிக்கும் ஆயிலை டிரேயில் வடித்துக் காட்டி, மாற்றுங்கள் என்றார்கள். கம்பெனி சொல்வதா, ஷெட் சொல்வதா என்ற இந்த வழக்கில் மூன்றாவது சாட்சி ஒருவர் உண்டு: கியர்பாக்ஸைச் செய்தவர். பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்துக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. சாட்சி ஷெட்டின் பக்கம் நிற்கிறார். காரணமும் விளங்குகிறது. வாரண்டி முடியும்வரை கார் ஓடினால் கம்பெனிக்குக் கவலை தீர்ந்தது. அதற்குப் பிறகு வரும் பத்து வருடத்தைப் பார்ப்பவர் மெக்கானிக்.

கம்பெனியே கிளம்பிப்போன கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஜெனரல் மோட்டார்ஸ் 2017 இறுதியோடு இந்தியாவில் செவ்ரோலே விற்பனையை நிறுத்தியது. மறைமலை நகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செவ்ரோலே பீட்டையோ ஃபோர்டு ஃபிகோவையோ வைத்திருப்பவருக்கு, எந்தக் காரின் எந்தப் பாகம் இதில் பொருந்தும், சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்ல ஷெட்டைவிட்டால் நாதியில்லை.

இந்த அறிவு ஏன் ஷெட்டுக்குள்ளேயே, கழற்றிப் பார்த்துக் கழற்றிப் பார்த்து உருவாக வேண்டியிருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2011இல் வந்த ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அசல் உதிரிபாகங்களையும், பழுது கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தது சந்தைப் போட்டியை நசுக்கும் செயல் என்று ஆணையம் முடிவு கூறியது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே கார்களுக்குப் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அதற்கான குழுவை அமைத்தது 2022இல். வெளி மெக்கானிக்குக்குச் சரியான அளவு தெரியாது, வயரிங் படம் தெரியாது என்று குறை சொல்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாமல் இருக்கும்படி வைக்கப்பட்டவர்கள், தாங்களே தெரிந்துகொண்டதை ஒருவருக்கொருவர் காட்டிக் கொடுப்பதுதான் இந்த வீடியோக்களின் பெரும்பகுதி. இதை நான் மிகப்பெரிய தகுதியாகக் கருதுகிறேன்.

தகுதி இருப்பதாலேயே சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினைப் பார்ப்போம். 1,248 சிசி. மாருதி 2007இல் ஸ்விஃப்டில் இதைக் கொண்டுவந்தது. 2020இல் பிஎஸ்-6 மாசு விதி வருவதற்கு முன் டிசையர், ரிட்ஸ், எர்டிகா, சியாஸ் என்று பலவற்றிலும் இது ஓடியது. டாடாவின் விஸ்டாவிலும் ஃபியட்டின் புன்டோவிலும் இதேதான். இந்த இன்ஜினைக் கழற்றாத கார் மெக்கானிக்கைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும். இதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் இன்ஜின் ஆயிலின் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் அளவு இறங்கினாலோ, மாற்றாமல் ஓட்டிக் கெட்டியாகிப் போனாலோ செயின் தளர்கிறது. காலையில் குளிர்ந்த இன்ஜினில் சில விநாடி கடகடவென்று கேட்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் செயின் பல் தாண்டும், வால்வும் பிஸ்டனும் மோதும், ஹெட் வேலை வரும். காரணம், அறிகுறி, விளைவு மூன்றையும் ஒரே கோட்டில் இணைக்கும் அறிவு இது. கேட்ட மறுநாளே டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்க வைக்கும்.

இதே வீடியோவின் அடுத்த வரி பல நேரம் இப்படி இருக்கும்: "இந்த இன்ஜின்லயே செயின் வீக்குங்க, இந்த வண்டியை வாங்காதீங்க." இங்கேதான் பிசகு. ஷெட்டுக்கு வருவது கெட்டுப்போன வண்டி மட்டும். செயினில் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விஃப்ட் எதற்காக அவரிடம் வரப்போகிறது? போதாக்குறைக்கு, இதே இன்ஜின் டாக்ஸிகளில் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியது. கைமாறி, டிரைவர் மாறி, ஆயில் மாற்றும் தேதி தவறி ஓடியது. ஷெட்டில் அவர் கண்ணில் படும் செயின்களில் அப்படிப்பட்டவை அதிகமாகவே இருக்கும். எத்தனை வண்டி சாலையில் ஓடுகிறது என்று தெரியாமல், எத்தனை வண்டி தன்னிடம் வந்தது என்பதை வைத்து யாரும் விகிதம் சொல்ல முடியாது. சொல்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் முடியாது. அவருடைய இருபது வருட அனுபவம் இந்தக் குறையை ஈடு கட்டாது, ஏனென்றால் இருபது வருடமும் அவர் பார்த்தது கெட்ட வண்டிகளைத்தான். மொத்த விற்பனையும் வாரண்டி கிளைமும் கம்பெனியின் கணினியில் இருக்கின்றன, கம்பெனி அதை வெளியே சொல்லாது. இரண்டு பக்கமும் பாதிப் படம்.

ஆகவே ஒரு கோடு போட வேண்டியிருக்கிறது. ஒரு பாகம் எப்படிக் கெடுகிறது என்று மெக்கானிக் சொன்னால் அது நேரில் கண்டவரின் சாட்சி. எந்தக் கார் அடிக்கடி கெடும் என்று சொன்னால், அதைச் சொல்ல அவரிடம் போதிய தகவல் இல்லை. "வாங்கக்கூடாத ஐந்து கார்கள்" என்ற மாதிரியான வீடியோக்களே அதிகம் பார்க்கப்படுகின்றன என்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அந்தத் தொழிலாளியின் அறிவில் மிகவும் பலவீனமான பகுதியைத்தான் அது மேடையேற்றுகிறது.

அனுபவத்துக்குக் காலாவதியும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்களின் சைலன்சர் பாதையில் புகைத்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் என்ற ஃபில்டர் வந்தது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே சூடேற்றி எரித்துவிடும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் அது நடக்கும். ஆனால் இன்ஜின் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக எரியும்போது அதிலுள்ள சேர்மானங்கள் சாம்பலாகி அதே ஃபில்டரில் படியும். கரி எரியும், சாம்பல் எரியாது. அதனால்தான் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயிலைக் கேட்கிறார்கள், பெரும்பாலும் ஏசிஇஏ சி2 அல்லது சி3 தரம். முப்பது வருடம் டீசல் இன்ஜினைக் கரைத்துக் குடித்த ஒருவர், லாரிக்கும் காருக்கும் சேர்த்து ஊற்றிப் பழகிய பழைய 15டபிள்யூ-40 ஆயிலை "இதுவே போதுங்க, கம்பெனி சும்மா விலை ஏத்துறான்" என்று சிபாரிசு செய்தால், முந்தைய தலைமுறை இன்ஜினுக்கு உண்மையான பேச்சு இந்தத் தலைமுறை வண்டியில் ஃபில்டரை அடைத்துவிடும். அதன் விளைவு உடனே தெரியாது என்பது கூடுதல் ஆபத்து. வண்டி மறுநாளும் நன்றாகவே ஓடும், அடுத்த வருடமும் ஓடும். வீடியோ போட்டவருக்கும் தன் சிபாரிசு தப்பு என்று தெரிய வழியில்லை. டிபிஎஃபை அறுத்தெடுத்துவிட்டு மென்பொருளை மாற்றி ஓட்டச் சொல்லும் வீடியோக்களுக்கு நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன். அந்தக் கரித்துகள் பின்னால் வரும் ஆளின் நுரையீரலுக்குள் போகிறது.

அப்படியானால் எந்த வீடியோ நல்ல வீடியோ? ஒன்றைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கூலன்ட் குறைந்துகொண்டே போகும் ஒரு பெட்ரோல் கார். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. முந்தைய ஷெட்டில் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், ஃபேன் மோட்டார் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஹீட் ஆவது நிற்கவில்லை. இந்த மெக்கானிக் எதையும் கழற்ற அவசரப்படவில்லை. இன்ஜின் ஆறும்வரை காத்திருக்கிறார். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பாயும் என்று சொல்லிவிட்டுத்தான் காத்திருக்கிறார். மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு வைத்த டெஸ்டரைப் பொருத்தி அழுத்தம் ஏற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் முள் இறங்குகிறது. தரை காய்ந்திருக்கிறது, காருக்குள் கால்மிதியும் காய்ந்திருக்கிறது. சரி, தண்ணீர் இன்ஜினுக்குள்ளேயே போகிறது. நான்கு பிளக்கையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைக்கிறார். மூன்று பழுப்பாக இருக்கின்றன, ஒன்று மட்டும் கழுவி எடுத்த மாதிரி வெளுத்திருக்கிறது. அந்தச் சிலிண்டரில் நீராவி வந்திருக்கிறது. கடைசியாக, நீலத் திரவம் ஊற்றிய ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து இன்ஜினை ஓட்டுகிறார். மேலே வரும் காற்று பட்டதும் நீலம் மெல்ல மஞ்சளாகிறது. எரிந்த புகையின் கார்பன் டை ஆக்சைடு கூலன்ட்டுக்குள் வருகிறது. ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. இதன் பிறகுதான் ஹெட்டில் கை வைக்கிறார். கழற்றியதும் புது கேஸ்கட்டைப் போட்டு மூடிவிடாமல், நேர்ச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்து அடியில் ஃபீலர் கேஜைச் செருகிப் பார்க்கிறார். பல சிறு பெட்ரோல் இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. அதைத் தாண்டினால் லேத்துக்குப் போக வேண்டும்.

இந்த வீடியோவில் ஒவ்வொரு படியிலும் அவர் எண்ணம் தப்பாகிப்போக இடம் இருந்தது. முள் இறங்காமல் இருந்திருக்கலாம், பிளக் நான்கும் ஒரே நிறத்தில் இருந்திருக்கலாம், திரவம் நீலமாகவே நின்றிருக்கலாம். அதைப் பார்ப்பவருக்கும் தெரியும்படி காட்டினார். அவர் அனுபவத்தை நாம் நம்ப வேண்டியதில்லை, முள்ளைப் பார்த்தால் போதும். இதற்கு நேர் எதிர், ஸ்கேனரைச் செருகி, "பி0171 கோடு வந்திருக்கு, ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்" என்று இரண்டே நிமிடத்தில் முடியும் வீடியோ. அந்தக் கோடு சொல்வது பெட்ரோல் கலவை நீர்த்துப்போயிருக்கிறது என்பதை மட்டும். இன்டேக் குழாயில் விரிசல் இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு இருக்கலாம், பெட்ரோல் பம்பு பலவீனமாகியிருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். கலவை நீர்த்திருப்பதைச் சரியாகக் கண்டுபிடித்துச் சொன்ன சென்சாரையே கழற்றி எறிவதும் நடக்கிறது. இதைப் பார்த்து ஒருவர் சென்சார் வாங்கிப் போடுகிறார், விளக்கு மறுபடி எரிகிறது, சில ஆயிரம் ரூபாய் போகிறது. முந்தைய மெக்கானிக் மாற்றிய தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் இதே ரகம்தான்.

கேமராவில் ஏறாதவையும் உண்டு. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஆல்டர்னேட்டர் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்தி, பேரிங் சத்தமா புல்லி சத்தமா என்று பிரித்துச் சொல்லும் மெக்கானிக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சத்தம் செல்போன் மைக்கில் ஏறி, சுருங்கி, நம் காதுக்கு வரும்போது டேப்பட் சத்தமும் ராடு சத்தமும் ஒன்றுபோலவே கேட்கும். "உங்க வண்டியிலயும் இதே சத்தம்னா இதே பிரச்சினைதான்" என்பது அந்த இடத்தில் செல்லாது. கை இறுக்கமும் அப்படியே. அலுமினிய ஆயில் சம்பில் டிரெய்ன் போல்ட்டை எவ்வளவு இறுக்கலாம் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரியும். பார்த்துவிட்டு வீட்டில் செய்பவர் ஒரு சுற்று கூடுதலாகத் திருப்பி மரையை அறுத்துவிடுவார். வீல் நட்டுக்குப் பல சிறு கார்களில் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர் வரிசையில் அளவு சொல்லியிருக்கிறார்கள். ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதிப்பதைக் காட்டும் வீடியோக்கள் இன்றும் வருகின்றன. அந்த வண்டிக்கான இறுக்க அளவை, அதாவது டார்க்கைச் சொல்லாத மெக்கானிக் வீடியோவைப் பாதியில் நிறுத்தியவர் ஆகிறார்.

எனக்கு மிகவும் கோபம் வருவது, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுத்துக்கொண்டு பேசும் காட்சியைப் பார்க்கும்போது. ஸ்டாண்டு வைக்காத காருக்கு அடியில் எந்த அனுபவமும் ஆளைக் காப்பாற்றாது. அதைப் பார்த்து அதேபோலப் படுக்கப்போவது ஷெட்டில் இருப்பதுபோலக் கூட நான்கு பேர் இல்லாமல், போர்டிகோவில் தனியாக வேலை பார்க்கும் ஒருவர். சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கைக் கம்ப்ரஸர் இல்லாமல் கழற்றுவதும், ஏர்பேக்கின் மஞ்சள் கனெக்டரை பேட்டரி கழற்றாமல் பிடுங்குவதும் இதே பட்டியல். இங்கே தப்பின் விலையைக் கொடுப்பவர் பார்த்தவர், சொன்னவர் இல்லை.

இந்தப் பகிர்வில் இல்லாத ஒன்று வேறு இடங்களில் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் டாம், ரே மாலியோட்ஸி என்ற சகோதரர்கள், மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் கார் ஷெட் வைத்திருந்தவர்கள், 1977இல் பாஸ்டன் வானொலியில் 'கார் டாக்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். 1987 முதல் அது நாடு முழுவதும் ஒலிபரப்பானது. 2012வரை அதைப் புதிது புதிதாக நடத்தினார்கள். நேயர்கள் போனில் காரின் பிரச்சினையைச் சொல்வார்கள், இவர்கள் இதுவாக இருக்கும் என்பார்கள். சத்தத்தை மட்டும் கேட்டுப் பழுது சொல்லும் அதே ஆபத்தான வேலை. ஆனால் அந்த நிகழ்ச்சியில் ஒரு பகுதி, முன்பு பேசிய நேயரையே மறுபடி அழைத்து, நாங்கள் சொன்னது சரியாக இருந்ததா என்று எல்லோர் காதும் கேட்க விசாரிக்கும் பகுதி. பல வாரம் முன்பு சொன்ன பதிலுக்கு அங்கே கணக்கு ஒப்படைக்கப்பட்டது. நம் மெக்கானிக் வீடியோக்களில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். ஹெட் கேஸ்கட் போட்ட அந்தக் காருக்கு ஆறு மாதம் கழித்து என்ன ஆனது?

ஜெராக்ஸ் நிறுவனம் இதையே இன்னும் முறையாகச் செய்தது. அதன் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஊழியர்கள் கையேட்டைவிட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவக் கதைகளில்தான் தொழிலைக் கற்கிறார்கள் என்று மானிடவியலாளர் ஜூலியன் ஓர் அவர்களோடு திரிந்து கண்டு எழுதினார். அந்த நூல் 1996இல் வந்தது. 1990களில் பிரான்ஸில் தொடங்கிய 'யுரேகா' என்ற ஏற்பாட்டில் அந்த ஊழியர்கள் தங்கள் கண்டுபிடிப்புகளைப் பதிந்து பகிர்ந்தார்கள். ஒருவர் அனுப்பிய குறிப்பை அதே வேலை தெரிந்த மற்றவர்கள் சரிபார்த்த பிறகே அது எல்லோருக்கும் போகும். எழுதியவர் பெயர் அதோடு நிற்கும். கையேடு எழுதிய பொறியாளர் சரிபார்ப்பதைவிட, நாளைக்கு அதே இயந்திரத்தின் முன் நிற்கப்போகும் சக தொழிலாளி சரிபார்ப்பது கடினமான தேர்வு. யூடியூபில் சரிபார்ப்பு என்று இருப்பது பார்வை எண்ணிக்கை மட்டும். கார் தெரியாதவர்கள் எத்தனை பேர் பார்த்தாலும் அந்த எண்ணிக்கை ஆயிலின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. ஆயிலில் கலக்கும் சேர்மானத்தை விற்கும் கடையின் பெயரும் வீடியோவுக்குக் கீழே இருந்தால், "இன்ஜின் சுத்தமாகும், மைலேஜ் கூடும்" என்ற பேச்சைத் தள்ளிவிட்டு மற்றதைக் கேட்பதே முறை.

கம்பெனி தரப்பு சொல்லும் ஒரு குறையை நான் ஏற்கவில்லை: வாடிக்கையாளர் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு வந்து வாதம் செய்கிறார் என்பது. வாதம் செய்யட்டும். மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கவும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கொரு முறை மாற்ற வேண்டும் என்று நினைவுபடுத்தவும் ஆள் வந்தது இந்த வீடியோக்களால்தான். நேர்மையான ஷெட்டுக்கு இதனால் நஷ்டம் இல்லை.

என் தீர்ப்பு இது. மெக்கானிக்குகள் தங்கள் அறிவைப் பொதுவில் வைப்பது தமிழில் நடக்கும் மிகப் பயனுள்ள தொழில்கல்விகளில் ஒன்று. பழுதின் காரணம், அறிகுறி, சோதனை ஆகிய மூன்றிலும் காரோடு வரும் கையேடு தராததை இது தருகிறது, அந்த மூன்றிலும் நான் ஷெட்டின் பக்கம். எந்தக் கார் நல்ல கார் என்பதிலும், ஆயில், கூலன்ட் தர எண்களிலும் இவர்கள் வார்த்தையைக் கையேட்டுக்கு மேலே வைக்க மாட்டேன். பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக், காருக்கடியில் படுக்கும் வேலை ஆகியவற்றில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், பார்த்துச் செய்யக்கூடாது. ஐடிஐகளில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பாக இருக்கிறது. அங்கே சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர்களும் ஷெட் மேஸ்திரிகளும் சேர்ந்து இந்த வீடியோக்களைப் பார்த்து, இது சரி, இது இந்த வண்டிக்கு மட்டும், இது தப்பு என்று பெயர் போட்டுச் சொல்லத் தொடங்கினால் யுரேகா இங்கேயும் நடக்கும். அதற்குப் பெரிய செலவு இல்லை.

இது அவசரமும்கூட, ஏனென்றால் மின்சாரக் கார்கள் ஷெட் வாசலுக்கு வந்துவிட்டன. ஆரஞ்சு நிற வயர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் வண்டியில், கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் பழைய வழி உயிரைக் கேட்கும். உயரழுத்த இணைப்பைத் துண்டித்து, இன்வெர்ட்டரின் கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்கக் காத்திருந்து, அதற்கான கையுறையோடு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகுதான் தொட வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. 2014இல் போட்டி ஆணையம் எந்தக் கையேடுகளைத் திறக்கச் சொன்னதோ, அதே வகைக் கையேடு. அதைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குகளுக்குத் தமிழில் கொடுக்க வேண்டும், மின்சாரக் காரை ஒருவர் கேமராவுக்கு முன்னால் முதன்முதலாகக் கழற்றிக் காட்டுவதற்கு முன்பே.